ஹெல்மி ரவுட்டியோவின் இடது கை

இது நடந்தது. தேதி இருக்கிறது, மணி இருக்கிறது, நிமிடம்கூட இருக்கிறது. முத்திரை குத்திய காகிதம் என் மேஜை இழுப்பறையில் பூட்டி இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக மற்றவர்கள் எழுதியதைப் படித்தே வயிறு வளர்க்கிறவள் நான். தேதியும் மணியும் இல்லாத எதையும் நானே நம்ப மாட்டேன். அப்படிப்பட்டவள் சொல்கிறேன். 2019, பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை. மதியம் 3:31.

நடுராத்திரி இல்லை. இருட்டு இல்லை. டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. அதனால்தான் இன்னும் கோபமாக வருகிறது. பேய் என்றால் ராத்திரியில் வரட்டும், நாமும் கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஆபீஸ் நேரத்தில் கவுண்டருக்கு வந்து மணி அடித்தால் என்ன செய்வது?

என் பெயர் நாடின். மிச்சிகனின் வடகோடியில், பெரிய ஏரிக்கரை ஊர் ஒன்றில் ஆஸ்பத்திரி வேலை. ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். வழக்குப் போட்டால் நீங்களா வந்து நிற்பீர்கள்?

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நோயாளியைப் பற்றி டாக்டர் எழுதியதைப் படித்து, அந்த நோய்க்கு உரிய எண்ணைப் போட வேண்டும். கோடிங் என்பார்கள். காய்ச்சலுக்கு ஓர் எண், கால் முறிவுக்கு ஓர் எண். அந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்ஷூரன்ஸ்காரன் சிகிச்சையை நீட்டுவான், அல்லது நிறுத்துவான். நோயாளியின் முகத்தை அவனும் பார்க்க மாட்டான், நானும் பார்க்க மாட்டேன்.

பக்கவாதத்தில் ஒரு தனி வில்லங்கம் உண்டு. எந்தப் பக்கம் விழுந்தது என்று சொன்னால் மட்டும் போதாது. விழுந்தது அவர் எழுதுகிற, சாப்பிடுகிற கையா, இல்லை மற்ற கையா என்பதையும் எண்ணிலேயே சொல்ல வேண்டும். டாக்டர் அதை எழுத மறந்தால்? அதற்கும் விதி வைத்திருக்கிறார்கள். வலது பக்கம் விழுந்தால் முக்கியமான கை போனது என்று எடுத்துக்கொள். இடது பக்கம் விழுந்தால் மற்ற கைதான் போனது என்று எடுத்துக்கொள். இடது கைக்காரர்கள் என்ன ஆவார்கள் என்றால், டாக்டருக்கு ஞாபகம் இருந்தால் பிழைத்தார்கள்.

சந்தேகம் வந்தால் டாக்டருக்கு ஒரு கேள்வி அனுப்ப வேண்டும். ஆனால் பதில் வரும்வரை அந்த ஃபைல் முடியாது. அன்றைய கணக்கிலும் சேராது. எங்களுக்கு ஒரு நாளைக்குப் பதினெட்டு ஃபைல்.

டிசம்பரில் ஒரு ஃபைல் வந்தது. ஹெல்மி ரவுட்டியோ, அறுபத்திரண்டு வயது, தனியாக இருப்பவர். இடது பக்கம் முழுக்க விழுந்திருந்தது. எந்தக் கைக்காரி என்று டாக்டர் எழுதவில்லை. ஆனால் கை கால் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு குறிப்பு போட்டிருந்தாள். 'பேக்கரியில் கேக்கின் மேல் பெயர் எழுதும் வேலை. இடது கையால் எழுதுவார்.'

நான் அதைப் படித்தேன். படிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பயிற்சி கொடுப்பவள் டாக்டர் இல்லை, அவள் எழுதியதை வைத்து நான் எண் போடக் கூடாது. ஆனால் டாக்டரைக் கேட்டிருக்கலாம். மணி 4:40. அது பதினெட்டாவது ஃபைல். 'மற்ற கை' என்று எண்ணைப் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

கை கால் பயிற்சிக்காக அனுப்பிய மருத்துவமனையில் பதினோராம் நாள் இன்ஷூரன்ஸ்காரன் கையை விரித்துவிட்டான். முக்கியமான கை நன்றாக இருக்கிறதாம், மேற்கொண்டு பயிற்சி தேவையில்லையாம். தனி வீட்டில் அந்தப் பெண்ணால் ஒரு பொத்தான் போட முடியவில்லை. நாற்பது மைல் மேற்கே எங்கள் ஆஸ்பத்திரிக்குச் சொந்தமான முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அவருடைய அக்கா ஐனோ மேல்முறையீடு செய்தார். எண்ணைத் திருத்தினால் இன்னும் ஆறு வாரம் பயிற்சி கிடைக்கும். கடைசி நாள் பிப்ரவரி 12, மாலை 5 மணி.

திங்கட்கிழமை என் மேலாளர் கர்ட் அந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தான். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன்.

"நாடின், இது நீங்க போட்ட நம்பர்தான?"

"ஆமா."

"சரின்னா 'சரி'ன்னு எழுதி மூடிடுங்க. தப்புன்னா டாக்டரைக் கேட்டு மாத்துங்க. ஆனா மாத்துனா உங்க பேர்ல ஒரு தப்பு விழும், தெரியும்ல?"

"தெரியும்."

"தப்பில்லாம நம்பர் போட்டதுல உங்க மார்க் இப்ப 95.1. தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ போச்சுன்னா மேலேர்ந்து என்னைக் கேப்பாங்க. நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே பாத்துக்குங்க."

ஒன்றும் சொல்லவில்லையாம்! என் வீட்டுக்காரர் வாரம் மூன்று நாள் டயாலிசிஸில் கிடக்கிறார். என் வேலை இருக்கும்வரைதான் அவருக்கு இன்ஷூரன்ஸ். கர்ட்டுக்கு அது நன்றாகத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே ஏரியின் மேலிருந்து பனிப்புயல். 10 மணிக்கு மேற்குச் சாலையை மூடிவிட்டார்கள். 2:30க்கு எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அடித்தளத்தில் எங்கள் அறைக்குப் பக்கத்தில், ஃபைல் நகல் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு கண்ணாடி கவுண்டர் உண்டு. அதில் உட்காருகிறவள் ரோஸெல்லா. பதினெட்டு வருடச் சிநேகிதி.

"அடியே, கிளம்பலையா?" என்றாள், குல்லாவை இழுத்து மாட்டிக்கொண்டே.

"ஒரு ஃபைல் இருக்கு, ரோ."

"அந்த கேக் அம்மாவா?"

நான் திரையைப் பார்த்தேன்.

"டாக்டருக்கு ஒரு வரி அனுப்புறதுக்கு இவ்ளோ யோசனையா? அனுப்பித் தொலைடி. என் மக ஞானஸ்நானத்துக்கு அந்தம்மாதான் கேக் எழுதிச்சு. நொட்டாங்கையாலதான் எழுதும், நான் பாத்திருக்கேன்."

"நீ டாக்டரா?"

"இல்லடி, நீதான் பெரிய டாக்டர்." பையைத் தூக்கிக்கொண்டாள். "மத்தியானம் தின்ன கறி பாஸ்டி ரொட்டி பாதி ஃபிரிட்ஜ்ல இருக்கு. பசிச்சா தின்னு. வெளிக் கதவைப் பூட்டிட்டுப் போறேன். லிஃப்டும் கார்டு இல்லாம கீழ வராது. பயப்படாத."

2:44க்கு அவள் போனாள். அடித்தளத்தில் நான் மட்டும்.

3:10க்கு டாக்டருக்கான கேள்வியைத் தட்டினேன். 'நோயாளி எந்தக் கையை முதன்மையாகப் பயன்படுத்துபவர் என்று குறிப்பிடவும்.' அவ்வளவுதான். ஒரே வரி. 'அனுப்பு' பொத்தானின் மேல் விரலை வைத்தேன். எடுத்தேன். என் வீட்டுக்காரரின் முகம் வந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி எடுத்தேன். இருபது நிமிடம் இதே கூத்து.

3:31.

லிஃப்ட் மணி அடித்தது.

ரோ எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்திருப்பாள் என்று நினைத்தேன். கூப்பிட்டேன். பதில் இல்லை.

பிறகு ஒரு சத்தம். டக்... சர்ர்ர்ர். டக்... சர்ர்ர்ர்.

ஒரு காலடி. ஓர் இழுப்பு. பக்கவாதம் வந்தவர்கள் அப்படித்தான் நடப்பார்கள். ஒரு காலை ஊன்றி, மற்றதை அரைவட்டமாக இழுத்து. ஆயிரம் ஃபைலில் படித்திருக்கிறேன். காதால் கேட்டது அதுதான் முதல் தடவை.

கூடவே ஒரு வாசனை. வெண்ணெயும் வெனிலாவும். அந்த அறையில் பினாயில் தவிர வேறு வாசனை வந்ததே இல்லை.

கவுண்டர் மணி... டிங்.

எழுந்து போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். நரைத்த பின்னல். சாம்பல் கம்பளிக் கோட்டு, உள்ளே பூப்போட்ட இரவு உடை.

"ரெக்கார்டு வேணும்" என்றார்.

"ஆபீஸ் மூடியாச்சும்மா. புயல் அடிக்குது. நீங்க எப்படி உள்ள வந்தீங்க?"

"ரெக்கார்டு வேணும்."

"பேரு?"

"ரவுட்டியோ. ஹெல்மி."

பேரைக் கேட்டதும் திடுக்கிட்டேன். பேய் என்று இல்லை, அந்த நினைப்பே வரவில்லை. 'ஐயோ, ஆளே நேரில் வந்துவிட்டாளே' என்று. அக்காக்காரி காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டிருப்பாள், சண்டை போட வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

வெளியே அப்படிப் பனி கொட்டுகிறது. அவர் தோளில் ஒரு துளி இல்லை. காலில் ஆஸ்பத்திரி காலுறை மட்டும், அதுவும் உலர்ந்திருந்தது. கண்ணாடிக்கு நாலு விரல் தள்ளி முகத்தை வைத்திருந்தார். என் பக்கம் கண்ணாடியில் மூச்சு படர்ந்தது. அவர் பக்கம் படரவில்லை. இதையெல்லாம் பார்த்தேன். பார்த்தும் மண்டையில் ஏறவில்லை.

பேசாமல் ஒரு படிவத்தைத் தள்ளினேன். கவுண்டரில் சங்கிலி போட்ட நீலப் பேனா கிடந்தது.

அவர் அதை எடுத்தார்.

இடது கையால்.

எழுதினார். தயங்காமல், நடுங்காமல், கேக்கின் மேல் எழுதுவது மாதிரி வளைத்து வளைத்து. எழுத எழுத உள்ளங்கையின் ஓரம் ஈர மசியின் மேல் தேய்ந்துகொண்டே போனது. இடது கைக்காரர்களுக்கு எப்போதும் அந்தக் கறை இருக்கும்.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கு வந்தது சந்தோஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷம். கைதான் நன்றாக வேலை செய்கிறதே! இதற்கா நான் நேற்று ராத்திரி தூக்கம் கெட்டேன்? நாடகம்! ஆறு வாரம் ஓசியில் பயிற்சி வாங்க நாடகம்!

படிவத்தை வாங்கி மணி முத்திரை மெஷினில் குத்தினேன். 3:47.

"எழுதிட்டீங்களா?" என்று கேட்டார்.

"எதை?"

"எந்தக் கைன்னு."

"அதை டாக்டர்தான் எழுதணும்மா. நான் எழுத முடியாது."

"நீங்க கேக்கலாம்ல."

"கை நல்லாத்தான இருக்கு உங்களுக்கு?" என்றேன். குரலில் விஷம் இருந்தது, எனக்கே தெரிந்தது. "இருங்க. இதோ வர்றேன்."

மேஜைக்குப் போனேன். டாக்டருக்குத் தட்டி வைத்திருந்த கேள்வியை அழித்தேன். 'எண் சரி. மாற்றம் இல்லை' என்று எழுதினேன். ஃபைலை மூடினேன்.

3:52.

திரும்பிப் பார்த்தேன். கவுண்டரில் யாரும் இல்லை.

போன சத்தம் கேட்கவில்லை. அந்தக் காலை இழுக்காமல் அவரால் எப்படிப் போக முடியும்? லிஃப்ட் மணியும் அடிக்கவில்லை. வெளிக் கதவைப் போய் இழுத்துப் பார்த்தேன். ரோ பூட்டியது பூட்டியபடி இருந்தது.

படிவம் மட்டும் என் கையில். அப்போதுதான் படித்தேன். பெயர், பிறந்த தேதி எல்லாம் சரியாக இருந்தது. 'என்ன தகவல் வேண்டும்?' என்ற இடத்தில் ஒரே வரி.

'என்னை யாரும் கேட்கவில்லை.'

நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். கோட்டை மாட்டு, கிளம்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

3:58.

டக்... சர்ர்ர்ர்.

நடையில் இல்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் இல்லை.

அறைக்குள்.

டக்... சர்ர்ர்ர்.

எனக்குப் பின்னால்.

வெனிலா வாசனை நெஞ்சை அடைத்தது.

டக்...

நின்றது.

திரும்பவில்லை. முடியவில்லை.

என் இடது தோளில் ஒரு கை.

கனமான கை. சூடும் இல்லை, அசைவும் இல்லை.

என் இடது விரல்கள் மரத்தன. பிறகு மணிக்கட்டு. பிறகு முழங்கை. கையைத் தூக்கப் பார்க்கிறேன்... வரவில்லை. மேஜை மேல் கிடக்கிறது. என் கைதான். ஆனால் என்னுடையது இல்லை.

 

கம்ப்யூட்டரில் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

3:59...

4:00...

4:01...

4:02...

4:03க்குக் கனம் விலகியது. விரல் அசைந்தது. பையை எடுத்தேனா, விளக்கை அணைத்தேனா, ஒன்றும் ஞாபகம் இல்லை. வண்டி ஓட்டும்போது படிவம் பக்கத்து இருக்கையில் கிடந்தது. அதை ஏன் எடுத்துவந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

மறுநாள் காலை 8:05. ரோ கவுண்டரில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"அந்த கேக் அம்மா போயிடுச்சுடி. நேத்து."

"எப்போ?" என்றேன்.

"காலைல 11:20. மதியச் சாப்பாட்டுத் தட்டைக் குடுத்துட்டுப் போயிட்டாங்களாம். 'நல்ல கை இருக்கு, தானே சாப்பிடுவாங்க, ஆள் வேணாம்'னு நம்ம ஃபைலைப் பாத்துத் தாள்ல எழுதியிருக்கு. வலது கையால என்னத்தைச் சாப்பிடும் அது? ரொட்டி தொண்டைல அடைச்சிருச்சு. பக்கத்துல ஒரு ஆள் இல்ல, நாடின். ஒரு ஆள் இல்ல."

"நேத்து... இங்க வரலையா?"

"யாரு?"

"ஹெல்மி."

ரோ என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பைத்தியமாடி உனக்கு? ரோடே மூடிக் கிடந்துச்சு. அக்காவால போய் முகத்தைக்கூடப் பாக்க முடியல. பிணம் எடுக்க வர்ற வண்டியே இன்னிக்குக் காலைலதான் போச்சு."

படிவத்தை அவளிடம் காட்டவில்லை. என் மேஜைக்குப் போனேன். மூடிய ஃபைலைத் திறந்து, அழித்த அதே கேள்வியைத் தட்டி டாக்டருக்கு அனுப்பினேன். 8:21. செத்தவளுக்கு எண் திருத்தி என்ன ஆகப்போகிறது? ஒன்றும் ஆகாது. தெரிந்தேதான் அனுப்பினேன்.

8:25க்குப் பதில் வந்துவிட்டது. நாலே நிமிடம். 'இடது கைக்காரர். முன்பே கேட்டிருக்கலாமே.'

எண்ணைத் திருத்தினேன். என் பெயரில் தப்பு விழுந்தது. 94.8. கர்ட் என்னைக் கூப்பிட்டு, ஒரு மாதம் என் ஃபைல்களை இன்னொருவர் சரிபார்ப்பார் என்றான். அவ்வளவுதான். வேலை போகவில்லை, இன்ஷூரன்ஸ் போகவில்லை. காப்பி வேண்டுமா என்றுகூடக் கேட்டான். எந்தப் பூதத்துக்குப் பயந்து நான் அந்தப் பொத்தானை அழுத்தாமல் இருந்தேனோ, அந்தப் பூதம் இவ்வளவுதான்.

அன்றிலிருந்து என் இடது கை தினமும் மதியம் 3:58க்கு மரத்துப் போகிறது. 4:03க்குச் சரியாகிவிடுகிறது. இரண்டு டாக்டர்களிடம் காட்டினேன். நரம்பு சரி, மூளை சரி, ரத்தம் சரி. இருவருமே என் ஃபைலில் ஒன்றும் எழுதவில்லை.

பத்து நாள் கழித்து, பிப்ரவரி 22, முதியோர் இல்லத்திலிருந்து ஹெல்மியின் கடைசி ஃபைல் எங்களுக்கு வந்தது. அந்த வாரம் ஃபைல்களைக் கம்ப்யூட்டரே பிரித்துக் கொடுத்தது. அது என் பெயருக்கு வந்தது. கடைசிப் பக்கத்தில், புயலில் மாட்டிக்கொண்டு பிணத்துக்குக் காவல் இருந்த நர்ஸ் இரண்டு குறிப்புகள் போட்டிருந்தார்.

முதல் குறிப்பு, பிப்ரவரி 12, காலை 11:50. 'உடலைத் துடைத்து உடை மாற்றினேன். இடது கை பல வாரமாக இருந்தது போலவே இறுக மூடியிருக்கிறது. விரல்களைப் பிரிக்க முடியவில்லை. தோல் சுத்தமாக இருக்கிறது. அறையைப் பூட்டினேன்.'

இரண்டாவது குறிப்பு, அதே நாள், மாலை 4:25.

'வண்டி இன்னும் வரவில்லை. அறையைத் திறந்து பார்த்தேன். இடது கை விரிந்திருக்கிறது. உள்ளங்கையின் ஓரம் முழுக்க நீல மசி, இன்னும் ஈரமாக இருக்கிறது. மூன்று தடவை துடைத்தேன். போகவில்லை.'